பேட்டர்ன் இல்லாமல் பொம்மைக்குச் சட்டை பின்னினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

என் அண்ணன் மகள் தன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். “அத்தை, இதுக்கு ஒரே ஒரு கவுன்தான் இருக்கு. அதைத் துவைச்சுப் போட்டா இது எதை உடுத்திக்கும்?” என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் எனக்கு இந்தப் பொம்மைச் சட்டைப் பைத்தியம்.

வீட்டில் குரோஷே ஊசி, அதாவது நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி இருந்தது, மிச்ச நூல்கண்டுகள் இருந்தன. எந்த வரிசையில் எத்தனை தையல் என்று சொல்லும் பேட்டர்ன் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்தது சங்கிலி, சிங்கிள் குரோஷே (குட்டையான, நெருக்கமான தையல்), டபுள் குரோஷே (அதைவிட உயரமான தையல்) மூன்றும்தான்.

பார்பி பொம்மை, 11½ அங்குல உயரம். ஒரு நூலை இடுப்பில் சுற்றி அளந்தேன்: 9 செ.மீ. அந்த நீளத்துக்குச் சங்கிலி போட்டு, வட்டமாக இணைத்து, மேலே மார்பு வரைக்கும் கீழே முட்டி வரைக்கும் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். மேசையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. போட்டுவிடப் போனால் தலை வழியாக இறங்கவில்லை, முடியிலும் தோளிலும் மாட்டிக்கொண்டது. கால் வழியாக ஏற்றினால் தொடைக்கு மேலே நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கீழிடுப்பை அளந்தேன், கிட்டத்தட்ட 13 செ.மீ. 9 செ.மீ. வளையத்துக்குள் 13 செ.மீ. உடம்பு எப்படி நுழையும்? கம்பளி ஸ்வெட்டர் இழுத்த இழுப்புக்கு விரியும், குரோஷே அப்படி விரிந்து கொடுக்காது. சிங்கிள் குரோஷே என்றால் இன்னும் கெட்டி. இரண்டு மணி நேர வேலையைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிரிந்து வந்த நூலைத் தன் கையில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஊசியை எடுக்கும் முன் நான் முடிவு செய்வது ஒன்றைத்தான்: இந்தச் சட்டை எந்த வழியாக உடம்புக்குள் போகப்போகிறது? நிறம், கை, பாவாடையின் விரிவு எல்லாம் அதற்குப் பிறகு. முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழிடுப்பு வரைக்கும் திறப்பு விட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அதாவது, அதுவரைக்கும் வட்டமாக இணைக்காமல், வரிசை வரிசையாகத் திரும்பித் திரும்பிப் பின்ன வேண்டும். கீழிடுப்பைத் தாண்டிய பிறகு இணைத்துக்கொண்டு பாவாடையைச் சுற்றாகப் போடலாம்.

இப்போது நான் கழுத்திலிருந்து கீழ்நோக்கித்தான் பின்னுகிறேன். மெல்லிய பருத்தி நூல், 1.75 மி.மீ. ஊசி. கழுத்துக்கு 28 சங்கிலி. அதை முதுகுக்கு 4, மூலைக்கு 1, கைக்கு 4, மூலைக்கு 1, முன்பக்கத்துக்கு 8, மறுபடி மூலைக்கு 1, கைக்கு 4, மூலைக்கு 1, முதுகுக்கு 4 என்று மனதுக்குள் பிரித்துக்கொள்வேன். எல்லாம் டபுள் குரோஷே. நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் மூன்று தையல் போட்டால் வரிசைக்கு 8 கூடும். நாலு வரிசை முடிந்ததும் 60 தையல் இருக்கும், துணி தோளைத் தாண்டி இறங்கியிருக்கும். கைப் பகுதியின் 12 தையலைத் தொடாமல் தாண்டி, அக்குளுக்கு 4 சங்கிலி போட்டு, முன்பக்கத்தோடு சேர்க்க வேண்டும். மறு கைக்கும் அப்படியே. உடம்புக்கு 44 தையல் மிஞ்சும். என் கைக்கு இது அந்தப் பொம்மையின் மார்புக்குச் சரியாக வந்தது. உங்கள் கை இறுக்கமோ தளர்வோ, எண்ணிக்கை மாறும். அதனால் இரண்டு வரிசைக்கு ஒரு முறை பொம்மைக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நீங்களும் முதல் சட்டையில் என்ன ஆனது, எதைக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு எல்லாம் கேட்க வேண்டும்.

*

அக்கா, நீங்க வளையத்துல மாட்டினீங்க, நான் முக்கோணத்துல மாட்டினேன். பாவாடைக்கு நேரா ஒரு பட்டை பின்னலாம்னு 40 தையல்ல ஆரம்பிச்சேன். பத்துப் பன்னிரண்டு வரிசை போன பிறகு பார்த்தா, ஓரம் ரெண்டும் உள்ளே சாஞ்சு கூரை மாதிரி நிக்குது. எண்ணினா 29. ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் ஒரு தையலை விட்டுட்டே வந்திருக்கேன்.

டபுள் குரோஷேல திரும்பும்போது போடுற 3 சங்கிலியும் ஒரு தையல் கணக்கு. அடுத்த வரிசை முடிவுல அந்தச் சங்கிலியோட தலையிலயும் ஊசியை விடணும். நான் அதை ஓரம்னு நினைச்சு விட்டுட்டேன். இப்போ ஒவ்வொரு வரிசையோட முதல் தையல்லயும் ஒரு சின்ன சேஃப்டி பின் மாட்டி வெச்சிடறேன். திரும்பி வரும்போது பின் எங்கே இருக்கோ அங்கேதான் கடைசித் தையல். இதுக்கப்புறம் ஒரு தடவைகூடச் சாயலை.

அந்த முக்கோணத்தை மட்டும் பிரிக்கலை. ரெண்டு நுனியிலயும் சங்கிலி நீட்டிக் கழுத்துல கட்டினேன், பொம்மைக்குச் சால்வை ஆயிடுச்சு.

*

எனக்கு வயது 68. கண் முன்ன மாதிரி இல்லை, 1.75 ஊசியெல்லாம் இனிமேல் என்னால் முடியாது. அதனால் 18 அங்குலப் பெரிய பொம்மைகளுக்குத்தான் செய்கிறேன். உல்லன் நூல், 4 மி.மீ. ஊசி. கையில் தடவிப் பார்த்தே தையலை எண்ணிவிடலாம். கண் சரியில்லாதவர்கள் மனசு விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சட்டையை மேலிருந்தும் பின்னுவதில்லை, கீழிருந்தும் பின்னுவதில்லை. பக்கவாட்டில் பின்னுவேன். பாவாடை எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு சங்கிலி போடுவேன். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் சிங்கிள் குரோஷேயைத் தையலின் தலையில் இருக்கும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்திப் போடுவேன். அப்படிச் செய்தால் மேடும் பள்ளமுமாக வரி விழும், ரப்பர் மாதிரி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பொம்மையின் இடுப்பில் சுற்றிப் பார்ப்பேன். முனையும் முனையும் லேசாக இழுத்த நிலையில் தொட்டால் போதும், சேர்த்துத் தைத்துவிடுவேன். திறப்பு வேண்டாம், பொத்தான் வேண்டாம், இடுப்பைத் தாண்டித் தானாக ஏறும். ஒரு முறைகூட அளவு எழுதி வைத்ததில்லை. பொம்மையே கையில் இருக்கும்போது எதற்கு?

முதல் பதிவு போட்ட மகளுக்கு ஒரு வார்த்தை. கழுத்துச் சங்கிலியை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியால் போட்டுப் பாரம்மா. தொடக்கச் சங்கிலி இறுகினால் கழுத்து வெட்டுகிற மாதிரி நிற்கும், அடுத்த வரிசைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இறுக்கம் போகாது.

*

இதை யாராவது முன்னமே எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் நான் சொல்கிறேன்.

என் அம்மா எனக்கு வாங்கிக் கொடுத்த பொம்மை, இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்கு அடர் சிவப்பு நூலில் இறுக்கமாக ஒரு கவுன் பின்னிப் போட்டு, அலமாரியில் நிற்க வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் தூசி தட்டலாம் என்று கழற்றினால், இடுப்பைச் சுற்றி ரோஜா நிறத்தில் பட்டை. ஒவ்வொரு தையலும் புள்ளிப் புள்ளியாகப் பதிந்திருந்தது. சோப்புப் போட்டுத் துடைத்தேன், எண்ணெய் தடவினேன், போகவில்லை. பொம்மையின் உடம்பு வினைல் என்ற பிளாஸ்டிக், அது சாயத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. மேலே ஒட்டிய அழுக்கு என்றால் துடைத்தால் வந்துவிடும், இது அப்படி இல்லை. அன்றைக்கு அழுதேன்.

இப்போது சிவப்பு, கருநீலம், கறுப்பு எது வாங்கினாலும் ஒரு முழ நூலை வெட்டி, ஈரமாக்கி, வெள்ளைத் துணியில் மடித்து, மேலே கனமான புத்தகம் வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். காலையில் துணியில் கோடு விழுந்திருந்தால் அந்த நூல் பொம்மைப் பக்கமே போகாது. சோதனையில் தேறிய நூலாக இருந்தாலும், அடர் நிறத்துக்கு உள்ளே வெள்ளையில் மெல்லிய உள்பாவாடை ஒன்று பின்னிப் போட்டுவிடுகிறேன். விளையாடும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றியும் வைக்கிறேன்.

*

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

என் மகளுடைய பொம்மைக்கு இடது கை இல்லை. எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, வீடு முழுக்கத் தேடியாயிற்று. அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கை மட்டும் உள்ள சட்டையைப் பின்னினேன். இடது பக்கத்தைத் தாண்டாமல் அப்படியே தொடர்ந்து மூடிவிட்டேன். நன்றாகவே பொருந்தியது. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னொரு ஓட்டை எங்கப்பா?” என்றாள். கைதான் இல்லையே என்றேன். “கை கிடைச்சா எங்கே விடுறது?”

அக்குள் வரைக்கும் பிரித்து மறுபடி பின்னினேன். இப்போது சட்டைக்கு இரண்டு கை இருக்கிறது. இடது கையை அவளே ஒரு நூலால் மடித்துக் கட்டி வைத்திருக்கிறாள்.

*

முதல் பதிவு போட்டவள்தான் மறுபடி எழுதுகிறேன். அண்ணா, உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அம்மா, பெரிய ஊசியால் சங்கிலி போட்டுப் பார்த்தேன், கழுத்து அப்படியே படிந்து உட்கார்ந்தது. வினைல் கறை பற்றி எழுதிய தோழி, உங்கள் பதிவைப் படித்த அன்றே எங்கள் பொம்மையின் கருநீலச் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

முதுகுத் திறப்பை எப்படி மூடுவது என்று ஒரு தோழி தனியாகக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படட்டும். நான் வெல்க்ரோ வைத்தேன், அதன் முள் பக்கம் நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்து, நாலே நாளில் சட்டை பஞ்சாகிவிட்டது. பிரஸ் பட்டன் நல்லது, ஆனால் பின்னலின் சந்துக்குள் நழுவும், அடியில் சின்னத் துணி வைத்துத் தைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது 5 மி.மீ. பொத்தான்தான். திறப்பின் ஒரு ஓரத்தில் சிங்கிள் குரோஷேயில் இரண்டு மூன்று வரிசை பட்டையாகப் பின்னி, அதன் மேல் பொத்தானைத் தைக்கலாம். எதிர் ஓரத்தில் காஜா தனியாகத் தேவையே இல்லை, டபுள் குரோஷேக்களின் நடுவில் இருக்கும் சந்தே பொத்தானைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை விளையாடும் பொம்மை என்றால் பொத்தான், மணி, பிரஸ் பட்டன் எதுவுமே வேண்டாம். பிய்ந்து வாய்க்குள் போய்விடும். அந்த வயதுக்கு அம்மா சொன்ன பக்கவாட்டுப் பின்னல் பாவாடைதான் சரி.

நீளக் கை பின்னுகிறவர்களுக்கு ஒன்று. பொம்மையின் கட்டை விரல் ஒவ்வொரு தையலிலும் மாட்டும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு துண்டு வழவழப்பான காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கையை நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். வெளியே வந்ததும் காகிதத்தை உருவிவிடலாம்.

இதுவரைக்கும் ஏழு கவுன் ஆகிவிட்டது. போன வாரம் அண்ணன் மகளே ஊசியைப் பிடித்துச் சங்கிலி போட்டாள், ஒன்று தளர்ச்சி, அடுத்தது இறுக்கம் என்று ஒரு சாண் நீளம். அதைப் பொம்மையின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, “அத்தை, இது பெல்ட். நான் பண்ணினது” என்றாள்.