பொருள்: கிரால்ஸ்பேஸ் = தரையடிவெளி?

அன்புள்ள குழுமத்தினருக்கு வணக்கம்.

அமெரிக்க வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஊர்ந்து செல்லுமளவே விடப்படும் தாழ்வான வெற்றிடமான கிரால்ஸ்பேஸ் (crawl space) என்பதற்குத் தமிழில் 'அடித்தள அறை', 'தவழறை' என்ற இரு சொற்கள் சென்ற வாரம் முன்வைக்கப்பட்டன. வட கரோலினாவில் அத்தகைய வீடொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், இரண்டையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நம் ஊர்க் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது, கடைக்காலுக்கு மேல் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணும் மணலும் கொட்டித் திமிசு போட்டுக் கெட்டித்த மேடையை. அதன்மேல் தரை நேரடியாக அமர்ந்துவிடுவதால் இடையில் வெற்றிடமே இல்லை. ஆகவே அதற்கொரு பெயரும் தேவைப்படவில்லை. இங்கோ சுற்றிலும் கான்கிரீட் கல் சுவர், நடுவில் சில தூண்கள், அவற்றின்மேல் மரச் சட்டங்களும் தரைப்பலகையும், கீழே வெறும் செங்களிமண். 'அடித்தள நீர்க்கசிவு' என்று எழுதினால், படிப்பவர் நிலவறையையோ கடைக்காலையோதான் நினைப்பார்.

'தவழறை' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அறை என்றதும் மனிதர் புழங்கும் இடம் என்ற எண்ணம் வருகிறது. கடந்த செப்டம்பரில் இரண்டு நாள் மழை ஓய்ந்தபின் உள்ளே போனேன். சட்டங்களுக்கும் மண்ணுக்கும் இடையே 18 அங்குலமே இருந்த மூலையில் மார்பால் ஊர்ந்துதான் நகர முடிந்தது. டார்ச் வெளிச்சத்தில் சுவரின் கீழ்வரிசைக் கற்கள் உப்புப் பூத்து வெளுத்திருந்தன. மண்மேல் பரப்பியிருந்த பாலித்தீன் விரிப்பில் முழங்கையை ஊன்றியதும், அடியில் தேங்கியிருந்த நீர் நகர்ந்துபோய் ஓரத்தில் செஞ்சேறாகப் பிதுங்கியது. மேலே தரை, கீழே மண், இடையே ஈரக்காற்று: இந்த மூன்றின் உறவைச் சொல்லும் பெயரே வேண்டும் என்று அங்கே தோன்றியது. எனவே 'தரையடிவெளி' என்று முன்மொழிகிறேன்.

இதனோடு இன்னும் இரு சொற்களை உறுதிசெய்துகொள்வது நல்லது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் நீர் இறங்குகிறது. அது சுவரோரமே விழுந்து, களிமண்ணில் தேங்கி, கல்லின் நுண்துளைகள் வழியே உள்ளே வருவது 'கசிவு'. கூரைநீர்க் குழாயைத் தள்ளி நீட்டுவதும், சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது சரியும்படி மண்ணைச் சீர்செய்வதும் இதற்கு முதல் மருந்து. கோடையில் சுவரில் விட்டிருக்கும் காற்றுத்துளைகள் வழியே நுழையும் புழுக்கமான காற்று, குளிர்ந்த குழாய்களில் பட்டு, ஐஸ் நீர் ஊற்றிய செம்பைப்போல் நீர் கோத்துக்கொள்வதை 'வியர்ப்பு' எனலாம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் தீங்கு நேரும்: ஈரம் காயட்டும் என்று ஜூலை மாதத்தில் காற்றுத்துளைகளைத் திறந்துவைப்பவர் வியர்ப்பைப் பெருக்கிவிடுகிறார், மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால் பூஞ்சை பிடித்துச் சட்டங்கள் உளுத்துப்போகின்றன.

இரண்டாலும் விளையும் ஈரத்துக்கு 'ஓதம்' இருக்கவே இருக்கிறது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து மண்மேல் போடும் விரிப்புக்கு 'ஓதத்தடை' என்ற சொல் இயல்பாகக் கிடைக்கிறது.

தேங்கும் நீரை வெளியேற்ற மண்ணுக்குள் அமைக்கும் பிரெஞ்ச் டிரெய்னை (French drain) 'பிரெஞ்சு வடிகால்' என்று பெயர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பண்ணை வடிகால் பற்றி 1859இல் நூல் எழுதிய ஹென்றி பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது. பிரான்சு நாட்டோடு தொடர்பில்லை. பள்ளம் தோண்டித் துளைக்குழாய் பதித்து ஜல்லி நிரப்புவதால் 'ஜல்லி வடிகால்' போதும்.

தரையடிவெளியின் மண்ணையும் சுவர்களையும் தடித்த விரிப்பால் முழுதும் போர்த்தி, காற்றுத்துளைகளை அடைத்துவிடும் முறைக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. 'மூடாக்கு' பொருந்தும், ஆனால் உழவர்கள் அதைப் பயிரடியில் இலைதழை பரப்புவதற்கு வழங்குகிறார்கள். 'முழுப்போர்வை' சரியாக இருக்குமா என்று கட்டுமானத் துறையில் உள்ள நண்பர்கள் சொல்ல வேண்டும்.