அக்கா தங்கச்சி நாவல், பத்திர விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் மக்களே, ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், பாதியில சிக்கி நிக்குது. மன்னார்குடி பக்கம் ஒரு வீடு, ரெண்டு பொண்ணு ஒரு பையன். அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிக்கிற ராத்திரியெல்லாம் தங்கச்சி காத பொத்திக்கிட்டு படுத்தவ அக்காதான், அப்படிப்பட்டவங்க 30 வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. காரணம் ஒரு தேதி. 1989 மார்ச் 25ல தமிழ்நாட்டுல பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துச்சுல்ல, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாது. அக்காவுக்கு அந்த தை மாசம்தான் கல்யாணம் ஆச்சு (ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருந்தா கதையே இல்ல). 1995ல அவள விட்டுட்டு பாகப்பிரிவினை பதிவாயிடுது. 2005ல மத்திய சட்டம் அந்த வித்தியாசத்த எடுத்துடுச்சு, ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினைய அது தொடாது, அதனால கோர்ட்டுக்கும் போக முடியாது.

என் சந்தேகம், அந்தக் காலத்துல பத்திர ஆபீஸ்ல கூட இருந்து பாத்தவங்க சொல்லுங்க, பங்கு இல்லாத பொண்ணுகிட்டயும் எதுக்கும் இருக்கட்டும்னு கையெழுத்து வாங்குவாங்களா, சாட்சியாவாச்சும்?

இன்னொண்ணு, இப்ப தங்கச்சி தன் பங்குல பாதிய தான செட்டில்மெண்ட்டா எழுதித் தர வர்றா. அக்கா வாங்குவாளா? என் வீட்டம்மா மூஞ்சில விட்டெறிவாங்கன்றாங்க, எனக்கு என்னமோ வாங்கிட்டும் பேசமாட்டான்னு தோணுது. அக்கா தங்கச்சியோட பொறந்தவங்க கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.