குள்ளப் போசம், அசென்ஷன் பெரணி: இரண்டுக்கும் ஒரே வைத்தியமா?

கேள்வி – கருங்காலி:
ஆஸ்திரேலியாவின் மலைக் குள்ளப் போசம் 1966 வரை புதைபடிவமாக மட்டுமே தெரிந்த பைப்பாலூட்டி. அட்லாண்டிக் பெருங்கடலின் அசென்ஷன் தீவுப் பெரணி (அனோகிராமா அசென்ஷியோனிஸ்) அழிந்ததாக 2003-இல் அறிவிக்கப்பட்டு, 2010-இல் மறுபடி கிடைத்தது. இரண்டுக்கும் ஒரே காப்புமுறை சரிப்படுமா?

பதில் – பாசிக்கல்:
சரிப்படாது. பெரணிக்கு ஒரு துணுக்கு இலையில் இருக்கும் வித்துத்தூளே (விதைக்குப் பதிலாகப் பெரணி பெருகும் நுண்தூள்) போதும். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில், குப்பிக்குள் கிருமி நீக்கிய வளர்ப்புக் கூழில்தான் வளர்த்தார்கள். திறந்த மண்ணில் தூவினால் பூஞ்சையும் பாசியும் முந்திக்கொள்ளும். வித்துத்தூளிலிருந்து முதலில் வருவது மெல்லிய பச்சைத் தகடு, அதை மூடிவிட்டால் கதை முடிந்தது. தகட்டில் நீர்ப்படலமும் வேண்டும், இல்லையேல் கருவுறாது.

பதில் – பனிப்பாறை:
போசத்தைக் குப்பியில் வைக்க முடியாதே! சுமார் 45 கிராம் எடை, ஏழு மாதம் வரை குளிர்கால உறக்கம். பாறை இடுக்குகளுக்கு மேல் பனி கம்பளியாக மூடியிருக்க வேண்டும். பனி குறைந்தால் உள்ளே குளிர் ஏறும், அடிக்கடி விழிக்கும், கொழுப்பு தீரும். வசந்தத்தில் அதன் முக்கிய உணவான போகாங் அந்துப்பூச்சி வராவிட்டால் பைக்குள்ளேயே குட்டிகள் சாகும். 2017-18 வறட்சிக்குப் பின் அதுதான் நடந்தது. கூண்டில் பெருக்கினாலும் பாறைக்குவியல் இல்லாமல் எங்கே விடுவது? அது வாழும் ஹோதம் மலையில், சாலை பிரித்த பாறைக்குவியல்களை இணைக்க, சாலைக்கடியில் கல் நிரப்பிச் சுரங்கம் போட்டது அதனால்தான்: ஆண் போசங்கள் பெண் போசங்களிடம் போய்த் திரும்ப வழி.

பதில் – பாசிக்கல்:
பெரணிக்கும் இடச்சிக்கல் உண்டு. அசென்ஷன் தீவில் அது வளரும் கிரீன் மலையின் ஈரச்சரிவுகளில் வெளியிலிருந்து வந்த செடிகள் அடைத்துக்கொள்கின்றன. களையெடுக்காமல் நட்டால் வீண்.