பழைய பென்டியம் 2-இல் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் போட்டால் பயாஸ் உறைந்துவிடுகிறது

பழையபெட்டி:
பென்டியம் 2, 1998 தேதி காட்டும் அவார்டு பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டு மென்பொருள்), விண்டோஸ் 98. பழைய 6 ஜிபி டிஸ்க் செத்துவிட்டதால் 80 ஜிபி ஐடிஇ (தட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) டிஸ்க் மாட்டியிருக்கிறேன். ஜம்பர் (டிஸ்க்கின் பின்களில் மாட்டும் சிறு இணைப்பு) மாஸ்டரில், அதாவது கேபிளின் முதல் டிஸ்க் என்ற நிலையில். பிரைமரி கேபிளில் இது மட்டும்தான், சிடி டிரைவ் செகண்டரியில். ஆன் செய்தால் மெமரி எண்ணி முடித்து, பிரைமரி மாஸ்டரைத் தேடும் வரியிலேயே நின்றுவிடுகிறது. டெலீட் அழுத்தினாலும் பயாஸுக்குள் போகவில்லை. டிஸ்க்கைக் கழற்றினால் எல்லாம் ஓடுகிறது. யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு கணினியில் பார்த்தால் முழு 80 ஜிபியும் தெரிகிறது, பேட் செக்டர் இல்லை. போர்டு போய்விட்டதா?

நாற்பதுபின்:
போர்டைச் சந்தேகிக்க இன்னும் நேரம் வரவில்லை. முதலில் ஜம்பர். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால், கேபிளில் தனியாக இருப்பதற்கு ஒரு நிலை, கூடவே ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) இருக்கும் மாஸ்டருக்கு வேறு நிலை. தனி டிஸ்க்கை இரண்டாவது நிலையில் வைத்தால், இல்லாத ஸ்லேவுக்காக அது காத்துக்கொண்டிருக்கும்; பயாஸும் கூடவே காத்திருக்கும். மேல் லேபிளில் படம் இருக்கும், அதைப் பார்த்து மாற்றுங்கள்.

அடுத்து கேபிள். 80 கம்பி கேபிளானால் நீல முனை போர்டில், கறுப்பு முனை மாஸ்டரில், நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ஒரே டிஸ்க் என்றால் எப்போதும் கடைசி முனையில்தான். நடுவில் மாட்டினால் மீதிக் கேபிள் சும்மா தொங்கும், சிக்னல் அதில் மோதித் திரும்பும். பழைய 40 கம்பிக் கேபிள்களில் சிலவற்றுக்கு 20-ஆம் பின்னின் அடைப்பும் இருக்காது, பக்கவாட்டு மேடும் இருக்காது. தலைகீழாகவும் நுழைந்துவிடும். சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம். டிஸ்க்கில் அது பெரும்பாலும் பவர் கனெக்டரை ஒட்டியிருக்கும்.

துருவன்:
மேலே சொன்னதைச் செய்துவிடுங்கள், ஆனால் என் பந்தயம் பயாஸ் மேல். 1998 தேதி என்கிறீர்கள். அந்தக் காலத்து அவார்டு பயாஸ்கள் பலவற்றுக்கு 33.8 ஜிபி எல்லை உண்டு. 65,535 சிலிண்டர் × 16 ஹெட் × 63 செக்டர் × 512 பைட், அவ்வளவுதான் கணக்கு. அதைவிடப் பெரிய டிஸ்க் வந்தால் கொள்ளளவைக் குறைத்துக் காட்டிவிட்டுப் போகலாம், அதைக்கூடச் செய்யாமல் தொங்கிவிடும்.

உறுதிப்படுத்தும் வழி: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு பயாஸுக்குள் போய் பிரைமரி மாஸ்டரை ஆட்டோவிலிருந்து நன் (None) என்று மாற்றிச் சேமியுங்கள். பவரை அணைத்து, டிஸ்க்கை மாட்டி, ஆன் செய்யுங்கள். இப்போது தாண்டிப் போனால் மாட்டிக்கொள்வது டிடெக்ஷனில்தான். ஆனால் ஜம்பரைச் சரிசெய்த பிறகு இதைச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

எல்லைதான் என்றால் முதலில் போர்டுக்குப் புதிய பயாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க் லேபிளில் 32 ஜிபி கிளிப் என்றோ கெபாசிட்டி லிமிட் என்றோ ஒரு ஜம்பர் நிலை இருக்கும். போட்டால் டிஸ்க்கே தன்னைச் சிறியதாகக் காட்டிக்கொள்ளும். மாஸ்டருக்கு ஒன்று, கிளிப்புக்கு ஒன்று என்று இரண்டு ஜம்பர் தேவைப்படலாம். முழு 80-ம் வேண்டுமென்றால், சொந்த பயாஸ் உள்ள, போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ஐடிஇ கார்டு. பூட் வரிசையில் அது ஸ்கஸி (வேறொரு டிஸ்க் இணைப்பு வகை) என்ற பெயரில் ஒளிந்திருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க மறந்து பலர் கார்டையே குறை சொல்வார்கள்.

டிஸ்க்கோடு வந்த ஓவர்லே மென்பொருளை (பயாஸ் எல்லையைத் தாண்ட டிஸ்க்கிலிருந்தே ஓடுவது) போடச் சொல்லி யாராவது வருவார்கள். பயாஸ் தொங்கும்போது அது ஓடவே வாய்ப்பில்லை. கிளிப் ஜம்பரோடு சேர்த்தால்தான் ஓடும். ஓடினாலும், டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) குழம்பித் தெரியலாம். நான் போடமாட்டேன்.

பழையபெட்டி:
ஜம்பரைத் தனி நிலைக்கு மாற்றியும் தொங்கியது. நன் வைத்ததும் தாண்டிவிட்டது. கிளிப் போட்டு மறுபடி ஆட்டோ வைத்தேன், பயாஸ் 33.8 ஜிபி என்று பிடித்துக்கொண்டது. ஆனால் எஃப்டிஸ்க்கில் (பார்ட்டிஷன் போடும் விண்டோஸ் 98 கருவி) போனால் டிஸ்க்கின் இப்போதைய அளவுக்குப் பொருந்தாத ஒரு பார்ட்டிஷன் இருப்பதாகக் காட்டுகிறது.

துருவன்:
அது யுஎஸ்பியில் மாட்டியபோது போட்ட பார்ட்டிஷன். டிஸ்க் சுருங்கியது பார்ட்டிஷன் டேபிளுக்குத் தெரியாது. வேண்டிய கோப்பு எதுவும் அதில் இல்லையென்றால் அழித்துவிட்டு, இந்தப் பெட்டியிலேயே புதிதாகப் போடுங்கள். பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்ற கேள்விக்கு ஒய் (Y). என் (N) கொடுத்தால் ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறை, பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிதான். மொத்தம் சுமார் 32,250 எம்பி காட்ட வேண்டும். பிறகு அதை ஆக்டிவ் ஆக்குங்கள், ரீபூட் செய்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள்.

பின்னால் பிசிஐ கார்டுக்குப் போய் கிளிப்பை எடுத்தால் ஒன்று: விண்டோஸ் 98-இன் முதல் எஃப்டிஸ்க்குக்கு 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 80 ஜிபி டிஸ்க்கை 10,700 எம்பி சொச்சம் என்று காட்டும். அப்போது திருத்திய எஃப்டிஸ்க்கையோ ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியின் சிடியையோ எடுங்கள்.

நாற்பதுபின்:
சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது ஓய்ந்து பயாஸ் அமைப்பு அழிந்தால் டிஸ்க் மோட் (செக்டர்களை எண்ணும் முறை) எல்பிஏ-விலிருந்து நார்மலுக்கோ லார்ஜுக்கோ போய்விடலாம். பார்ட்டிஷன் போட்ட மோட் வேறு, படிக்கும் மோட் வேறு என்றால் பூட் ஆகாது. அந்த நேரத்தில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், மோடை எல்பிஏ-வுக்குத் திருப்பினால் எல்லாம் அப்படியே இருக்கும்.