சூடானதும் மிஸ்ஸிங், ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சரில் வெடி: கார்ப்பரேட்டரையே மாற்ற வேண்டுமா?

மோல்மீன்_125

எல்லோருக்கும் வணக்கம். சீனத்து 125 சிசி வண்டி, படுத்த சிலிண்டர், கார்ப்பரேட்டர், சிடிஐ (பொறியை உண்டாக்கும் மின்பெட்டி). 40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. இருபது நிமிஷம் ஓடிச் சூடானதும்தான் தொல்லை. மியான்மரில் மோல்மீனிலிருந்து மர்த்தபான் பக்கம் போகிற பெரிய பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் முக்கால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் விட்டுவிட்டு இழுக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து அதிகம்.

புது பிளக் சி7எச்எஸ்ஏ போட்டாச்சு. கார்ப்பரேட்டர் கழற்றிக் கழுவியாச்சு. மெயின் ஜெட்டை (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் பெரிய துளை) பெரிதாகப் போடு என்கிறார் ஒருவர், கார்ப்பரேட்டரையே மாற்று என்கிறார் இன்னொருவர். எதிலிருந்து தொடங்குவது?

தாட்டோன்_பட்டறை

தம்பி, சாமான் எதுவும் வாங்காதீர்கள். முதலில் வெடி எங்கே கேட்கிறது, எப்போது கேட்கிறது என்று பிரியுங்கள். சைலன்சரில் வெடித்தால் எரியாத பெட்ரோல் பைப்புக்குப் போய் அங்கே பற்றுகிறது. கார்ப்பரேட்டர் வாய் வழியாகத் தும்மினால் கதையே வேறு: இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை, கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது பொறி தப்பான நேரத்தில் விழுகிறது. உங்களுடையது முதல் வகை.

அதற்கும் மூன்று வழி உண்டு. ஆக்சிலேட்டரை மூடியதும் ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளை மட்டும்தான் பெட்ரோல் கொடுக்கும். அது குறைந்தால் கலவை பற்றாமல் அப்படியே வெளியே போகும். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்து வாஷர் கசிந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும், சூட்டில் வெடிக்கும். இன்னொன்று, பொறி ஒரு தடவை தவறினாலும் அந்தச் சுற்றுக் கலவை முழுவதும் பைப்பில் சேர்ந்து, அடுத்த சுற்றின் நெருப்பில் பற்றிக்கொள்ளும். அதனால் வெடிச்சத்தம் கேட்டாலே கார்ப்பரேட்டர்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

காசில்லாத சோதனை ஒன்று. வண்டி நன்றாகச் சூடானபின் அதே ஏற்றத்தில், அதே கியரில், சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் மூடி) பாதி இழுத்து ஓட்டுங்கள். மிஸ்ஸிங் குறைந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. மாற்றமே இல்லை, அல்லது இன்னும் மோசம் என்றால் ஜெட்டை விட்டுவிட்டுப் பொறியையும் வால்வையும் பாருங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இருபது நிமிஷத்தில் இப்படி ஆகும். மிஸ் ஆகும் நேரத்தில் நிறுத்தி மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று இழுத்தால் அதுதான் காரணம்.

மழைக்காலத்தில் கடையோரப் பாட்டில் பெட்ரோல் ஊற்றியிருந்தால், கார்ப்பரேட்டர் அடியில் உள்ள வடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு தெளிவான கண்ணாடிக் கிளாஸில் அரைக் கிளாஸ் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும், பெட்ரோலோடு சேராது. என்ஜின் ஆறியபின் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடகடக்கும் டேப்பெட்டை எல்லோரும் சரிசெய்வார்கள், சத்தம் போடாத டேப்பெட்தான் வால்வைக் கெடுக்கும். வால்வு சீட் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சூடானதும் வால்வு தண்டு நீண்டு, முழுதாக மூடாமல் நின்றுவிடும். காலையில் நன்றாக ஓடி, சூட்டில் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, இடது பக்க மேக்னெட் (என்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) மூடியில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, மேக்னெட்டை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். டி குறி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) என்ஜின் உடம்பில் உள்ள கோட்டுக்கு நேரே வரவேண்டும். பக்கத்திலேயே எஃப் குறி இருக்கும். அது பொறி விழும் இடம், அதில் வைத்து அளந்தால் எல்லாம் தப்பு. டி நேரே நிற்கும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆடவேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பிறகு 0.05 மி.மீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இரண்டிலும் லேசான பிடிப்போடு நுழையவேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வையுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும், அதனால் இறுக்கியபின் மறுபடி கேஜ் விட்டுப் பாருங்கள்.

பாஆன்_வயரிங்

அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். புது பிளக் போட்டதால் பொறி சரி என்று ஆகாது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது பிளக் முனையில் தாவக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். எங்காவது பலவீனம் இருந்தால் பொறி அங்கே கசிந்துவிடும். வெளியே பிடித்துப் பார்க்கும்போது பொறி நீலமாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பிளக் கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி மல்டிமீட்டரில் அளங்கள். இந்த வகை கேப்பில் பெரும்பாலும் 5 கிலோ ஓம் வரும். 10-ஐத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். வயர் நுனி பச்சையாகப் பாசி பிடித்தாற்போல இருந்தால் 5 மி.மீ வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகுங்கள். இருட்டிய பின் என்ஜினை ஓடவிட்டு கேப், வயர், காயில் மேல் தண்ணீரைப் பூவாளி போலத் தூவிப் பாருங்கள். கசிவு இருந்தால் நீல நூல் மாதிரி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள்.

பிளக் பொறி சோதிக்கும்போது பிளக் உடம்பு என்ஜினில் நன்றாகத் தொட்டிருக்கட்டும். தொடாமல் கிக் அடித்தால் சிடிஐ போய்விடக்கூடும். பிளக் துளை பக்கத்திலும் வைக்காதீர்கள், அதில் வரும் பெட்ரோல் ஆவி பற்றும்.

மோல்மீன்_125

பார்த்துவிட்டேன். டேங்க் மூடி சரி, வடித்த பெட்ரோலில் தண்ணீர் இல்லை. சோக் பாதி இழுத்தால் வெடி நன்றாகக் குறைகிறது, ஏற்றத்து மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது. பிளக் கேப் 19 கிலோ ஓம். இன்டேக் டேப்பெட்டில் 0.05 நுழைகிறது. எக்ஸாஸ்ட்டில் 0.05 நுழையவில்லை, 0.03 மட்டும் போகிறது. சைலன்சர் பைப் சேரும் இடத்தில் ஹெட் மேல் விசிறி போலக் கருப்புக் கரி.

தாட்டோன்_பட்டறை

நல்ல வேலை, இப்போது ஊகிக்க ஒன்றும் இல்லை. சோக் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைத் தொடாமல் விட்டதே இரண்டும் வேறு வேறு கோளாறு என்று காட்டுகிறது. மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் டேப்பெட்டை 0.05-க்கு வையுங்கள். கேப்பை மாற்றுங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், மிஸ்ஸிங் இவற்றில்தான் போகும். பிறகு பைப் வாஷர். பழையது நசுங்கியிருக்கும், திரும்பப் போட்டால் கசியும், புதிதாகவே போடவேண்டும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கினால் வாஷர் சாய்ந்து உட்காரும்.

கசிவை அடைத்த பிறகுதான் கார்ப்பரேட்டரில் ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. அதற்கு முன் ஸ்க்ரூவைத் திருப்பினால் கசிவை மறைத்த மாதிரி ஆகிவிடும், பெட்ரோலும் வீணாகும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருக பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருக பெட்ரோல் கூடும். மெதுவாக அடிவரை மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, சூடான என்ஜினில் கால் காலாகத் திருப்பி, ஐட்லிங் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். என்ஜின் பக்க ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் ஐட்லிங் சீராக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை அகன்றுவிடும். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய தூண்டில் நைலான் இழையை விட்டு எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும்.

500 கிலோமீட்டர் கழித்து எக்ஸாஸ்ட் டேப்பெட்டை மறுபடி அளங்கள். அதற்குள் மீண்டும் 0.03-க்கு இறங்கியிருந்தால் சீட் தேய்ந்துகொண்டே போகிறது, ஹெட்டை இறக்கி வால்வைப் பார்க்கவேண்டும்.