காற்றில் பெயர்ந்த கடைப் பலகை: நீளமான போல்ட் போட்டால் போதுமா?

உதவி கேட்பவர் (உதகை, பெயர்ப்பலகைப் பட்டறை)

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மாதக் காற்றில் சேதமடைந்த பலகைகள் இந்த ஆண்டு பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. கிழிந்த ஃபிளெக்ஸ், உடைந்த அக்ரிலிக் எழுத்து போன்றவற்றில் எனக்குக் குழப்பமில்லை. ஒரே ஒரு பலகையைப் பற்றித்தான் அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்.

அது ஒரு வர்க்கிக் கடையின் பலகை. சரிவின் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடத்தின் முனைக் கடை. நீளம் 10 அடி, உயரம் 4 அடி. ஓரங்குல ஸ்கொயர் பைப் சட்டத்தின் மேல் ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) போட்டு, எழுத்துகளை டபுள் டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள். ஒயரிங்குக்காகச் சட்டத்தைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இதைச் செய்தது வேறொரு பட்டறை. மேல் வரிசையில் வலது பக்கத்து ஆங்கர் போல்ட் இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அவற்றைச் சுற்றி வெள்ளைக் காரை கூம்பு வடிவில் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஷீட்டின் வலது முனை மடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் கீழ் வரிசை போல்ட்டுகள் மட்டும் பிடித்து நிற்கின்றன.

சுற்றுலாப் பயணிகள் வரும் இரண்டாம் சீசனுக்குள் அதே சட்டத்தை நீளமான போல்ட் போட்டு மாட்டித் தரும்படி கடைக்காரர் கேட்கிறார். பலகைக்கு நேர் கீழே மக்கள் பேருந்துக்காக நிற்கிறார்கள் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நீளமான போல்ட் போதுமா? பழைய சட்டத்தை நம்பலாமா?

பதில் (கூடலூர், இதே தொழில்)

போல்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, பலகை இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். எம்.சி.பி.யை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, ஒயரைத் துண்டித்து, கீழே ஆள் நிற்காதபடி கயிறு கட்டிவிட்டு இறக்குங்கள். சேதம் வெளியே தெரியக் கூடாதென்று பலகையின் மேல் தார்ப்பாயோ ஃபிளெக்ஸோ கட்டிவிடுவதை எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அது காற்றைப் பிடித்து, மிச்சமிருக்கும் போல்ட்டுகளையும் இழுத்துவிடும். கடைக்குக் காப்பீடு இருந்தால், கழற்றுவதற்கு முன்பு சுவரையும் பலகையையும் சேர்த்துப் படமெடுத்துக் கொடுங்கள்.

நீங்கள் சொன்ன வெள்ளைக் காரைக் கூம்பு முக்கியமான தடயம். போல்ட் முறியவில்லை, வளையவும் இல்லை; சுவர்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. விரிந்து பிடிக்கும் ஆங்கர், துளையின் பக்கங்களை வெளிப்புறமாக நெருக்கி நிற்பது. கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். சுண்ணாம்புச் சாந்து நொறுங்கிப் பொடியாகும். ஆகவே நான்கு அங்குல போல்ட்டுக்குப் பதிலாக ஆறு அங்குலம் போட்டாலும், அதன் முனை போய் விரிவது அதே சாந்துக்குள்தான் என்றால் பலன் இல்லை. டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) முறையை நிறுத்திவிட்டு, சிறிய பிட் போட்டு நாலைந்து இடத்தில் மெதுவாகத் துளைத்து, வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல வந்தால் சாந்து, சிவப்பாக வந்தால் செங்கல்; பிட் நின்று நின்று, மணல் போன்ற தூளாக வந்தால் கல். போல்ட்டுக்கு உரிய இடத்தை அந்தச் சுவர்தான் முடிவு செய்ய வேண்டும், சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் துளை அல்ல.

பதில் (கோவை, கட்டுமானப் பொறியாளர்)

காற்றின் விசையை எண்ணில் பார்த்தால் கடைக்காரரிடம் பேசுவது எளிதாக இருக்கும். வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது வரும். உங்கள் பலகையின் பரப்பு ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் சுமார் 63 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். காற்று 120 கிலோமீட்டரானால் அது 250 கிலோவைத் தாண்டும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. பலகையின் வடிவத்துக்கும் அது நிற்கும் இடத்துக்கும் உரிய குணகங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, கோவைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 39 மீட்டரைத் தருகிறது. மலை முகட்டிலும் சரிவின் மேல் விளிம்பிலும் காற்று நெருங்கி விரைவதால், அந்த வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக்கொள்ளவும் அதே தரம் சொல்கிறது. வேகத்தில் 1.36 மடங்கு என்றால் அழுத்தத்தில் ஏறத்தாழ 1.85 மடங்கு. சமவெளிக் கடைக்குச் செய்த அளவிலேயே போல்ட் போட்டு மலை விளிம்பில் மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து உணரலாம்.

வலது பக்கம் முதலில் விட்டதற்கும் காரணம் உண்டு. கட்டடத்தின் முனையில் காற்று திரும்பும்போது சுவரை ஒட்டி வெளிப்புற உறிஞ்சல் மிகுதியாகிறது. பலகையின் எடை சுவரிலிருந்து தள்ளி நிற்பதால் மேல் போல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருக்கின்றன. அதன் மேல் இந்த உறிஞ்சலும் சேர்ந்திருக்கிறது. அந்த நான்கு அங்குல இடைவெளியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

உதவி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பலகையை இறக்கிவிட்டேன். கூடலூர் அண்ணா சொன்னபடி துளைத்துப் பார்த்ததில், இடது பாதியில் இரண்டு அங்குலக் காரைக்குப் பின்னால் நல்ல கல் இருக்கிறது. வலது முனையில் எங்கு துளைத்தாலும் வெள்ளை மாவுதான் வருகிறது. ஓரிடத்தில் பிட் வெற்றிடத்துக்குள் சரக்கென்று போய்விட்டது. அங்கே கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை மருந்தைப் பீய்ச்சி ஒட்டவைக்கும் போல்ட்) பிடிக்குமா? சட்டம் வெளியே பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது.

பதில் (கொடைக்கானல், ஃபேப்ரிகேஷன் பட்டறை)

சட்டத்தை வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் மலைகளில் பனிமூட்டம் பைப்புக்குள் புகுந்து நீராகிக் கீழ் பைப்பில் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ட் கடைசியில்தான் உரியும். கீழ் பைப்பைச் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மழுங்கும் இடத்தில் ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஊரையும் புரட்டிப் போட்ட பிறகு நான் இறக்கிய சட்டங்களில், வெல்டிங் ஓரத்தில் உள்ளே அரித்துப்போய் மேலே தாள் போல நின்றவை பல. மடங்கிய ஏசிபி ஷீட்டை நிமிர்த்திப் பயனில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் அலுமினியத் தோல் வெடித்துவிடும். எழுத்துகளை டேப்பை மட்டும் நம்பி மறுபடியும் ஒட்ட வேண்டாம். குளிர்ந்த, ஈரமான பரப்பில் அந்தப் பசைக்கு முழுப் பிடி வராது. எழுத்தின் பின்னால் ஸ்டட் (மரையுள்ள கம்பி) வைத்து நட் போடுங்கள்.

வெற்றிடமுள்ள சுவரில் கெமிக்கல் ஆங்கரை வெறும் துளைக்குள் பீய்ச்சினால் மருந்து உள்ளே வழிந்து போய்விடும். சல்லடைக் குழல் வைத்துச் செய்யலாம்தான். ஆனால் சாந்து முழுவதும் மாவாக இருக்கும் இடத்தில், ஆள் நடமாட்டத்துக்கு மேலே, நான் அதைச் செய்ய மாட்டேன். சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் ஆறங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து, நைலாக் நட்டால் (அதிர்வில் தளராத, நைலான் வளையமுள்ள நட்டால்) இறுக்குவதே அங்கே சரி. இடது பக்கக் கல்லில் கெமிக்கல் ஆங்கர் தாராளமாகப் போடலாம். துளையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதித் தூளை முழுவதும் எடுத்துவிடுங்கள். குளிரில் மருந்து இறுக நேரமாகும். டப்பாவில் போட்டிருக்கும் வெப்பநிலை அட்டவணைப்படி காத்திருந்து பிறகு பாரம் ஏற்றுங்கள்.

இன்னொரு யோசனை. பின்னால் ஷீட்டே வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்து, மேலும் கீழும் இரண்டு பைப் மட்டும் ஓடவிட்டு, அதில் தனித்தனி எழுத்துகளைப் பொருத்தினால், காற்று எழுத்துகளுக்கு இடையே புகுந்து போய்விடும். 40 சதுர அடியில் விழும் விசை, எழுத்துகளும் பைப்பும் அடைக்கும் பரப்பில் மட்டுமே விழும்.

உதவி கேட்டவர்

சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். கீழ் பைப்பின் வலது கோடியை அறுத்தபோது ஒரு கைப்பிடி துருத்தூளும் தண்ணீரும் கொட்டின. அந்தத் துண்டைக் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். பழைய சட்டத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

தனி எழுத்து யோசனைக்கு அவர் சம்மதித்துவிட்டார். வலது பக்கம் சுவரை ஊடுருவும் போல்ட்டும் தகடும், இடது பக்கம் கல்லில் கெமிக்கல் ஆங்கரும் போடுகிறேன். சுவரிலிருந்து இடைவெளி ஓரங்குலம் மட்டுமே. கீழ் பைப்பில் நீர் வடியத் துளைகளும், வெல்டிங் செய்த இடங்களில் ஜிங்க் பெயின்ட்டும் உண்டு. உள்சுவரில் தகடு தெரியும் என்று கட்டட உரிமையாளர் முதலில் தயங்கினார். அலமாரிக்குப் பின்னால் வருமாறு இடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன்பு, நட்டுகளை இறுக்கிப் பார்க்கும் வேலையையும் மதிப்பீட்டிலேயே தனி வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.