டேற்றாபேஸ் கனெக்ட் ஆகுதில்லை, வெள்ளைப் பக்கம்தான் வருது (ஞாயிறு கூட்டம், அவசரம்)

கோண்டாவில் பெடியன் | வெள்ளி இரவு 9.40
எங்கட சனசமூக நிலைய நூலகத்துக்குப் புத்தகம் தேடுற பக்கம் ஒண்டு செய்தனான். வீட்டில வடிவா ஓடினது. இன்ரநெற்றில, ஹோஸ்டிங்கில ஏத்தினா ஒண்டுமே இல்லை, வெறும் வெள்ளை. பாஸ்வேட் எல்லாம் சரி. ஞாயிறு பொதுக்கூட்டத்தில காட்டுறது எண்டு தலைவர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். கெதியாச் சொல்லுங்கோ.

பனங்கொட்டை | 9.52
எறர் என்ன வருது?

கோண்டாவில் பெடியன் | 9.53
வெள்ளை எண்டு சொன்னனே அண்ணை.

தாமரை | 10.05
தம்பி, பக்கம் எழுதின பிஎச்பி மொழி வீட்டில எந்தப் பதிப்பு, ஹோஸ்டில எந்தப் பதிப்பு? டேற்றாபேஸ் மைஎஸ்கியூஎல்லோ மரியாடிபியோ? கனெக்ட் பண்ணுற வரியை மட்டும் போடுங்கோ, பாஸ்வேட்டை மறைச்சிட்டு.

சுன்னாகம் சந்தி | 10.11
லோக்கல்ஹோஸ்ட் எண்டதை 127.0.0.1 ஆக்கிப் பாருங்கோ. எனக்கு அப்பிடித்தான் சரிவந்தது.

பனங்கொட்டை | 10.14
சந்தி அண்ணை, போன கிழமை பிரிண்டர் ஓடேல்ல எண்டு வந்தவனுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்.

சுன்னாகம் சந்தி | 10.20
அவனுக்கும் சரிவந்தது.

கோண்டாவில் பெடியன் | 10.31
வரி எண்டா மைஎஸ்கியூஎல்_கனெக்ட்தான், வகுப்பில தந்த ரியூட்டில இருந்தது. பதிப்பு எங்க பார்க்கிறது? எங்கட எக்ஸாம்ப் (வீட்டுக் கொம்பியூட்டரில பிஎச்பி ஓட்டுற சொவ்ற்வெயர்) அண்ணா கம்பஸ் போகேக்க போட்டது.

மூத்தோன் | 10.48
இது நூறு தரம் சொன்ன விசயம். தேடிப் பார்க்கிற பழக்கம் இந்தக்காலப் பெடியளுக்கு இல்லை. ரியூட்டைப் பாடமாக்கினா இதுதான் நடக்கும். அந்த மைஎஸ்கியூஎல்_கனெக்ட் பங்சனை பிஎச்பி 5.5இல, 2013இல, கைவிடப்போறம் எண்டு அறிவிச்சு 7.0இல தூக்கியாச்சு. அது வந்தது 2015 டிசம்பரில. உம்மட ஹோஸ்டில 8 இருக்கும். இல்லாத பங்சனைக் கூப்பிட்டா ஆர் வருவினம்?

தாமரை | 10.55
மூத்தோன் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் வழமைபோல. தம்பி, ஹோஸ்டில எறர் காட்டாமல் மூடி வைச்சிருப்பினம், அதுதான் வெள்ளை. பக்கத்தின்ர மேல டிஸ்பிளே_எறர்ஸை 1 ஆக்கிப் பாருங்கோ, 'இல்லாத பங்சன்' எண்டு கத்தும். வேலை முடிய மறக்காமல் திரும்ப மூடிவிடுங்கோ, இல்லாட்டி ஃபைல் இருக்கிற பாதை எல்லாம் ஊருக்குத் தெரியும். பேந்து எல்லா இடத்திலயும் மைஎஸ்கியூஎல்ஐ எண்டு மாத்துங்கோ. ஒரு ஐ போட்டாப் போதும் எண்டு நினைக்கவேண்டாம். பழையதில குவெரியை (டேற்றாபேஸிட்டக் கேக்கிற கேள்வியை) மட்டும் குடுத்தாலே காணும். புதுசில முதல்ல கனெக்சன், பிறகுதான் குவெரி. அதோட தேடுற பெட்டியில அடிக்கிறதை நேர குவெரிக்குள்ள ஒட்டாதேங்கோ. குவெரியில அந்த இடத்தில கேள்விக்குறி வைச்சு பிரிப்பேர் பண்ணி, அடிச்சதைப் பிறகு அதில பைண்ட் பண்ணுங்கோ.

கோண்டாவில் பெடியன் | சனி காலை 7.15
கனெக்ட் ஆயிட்டுது!!! ஆனா கனக்கப் புத்தகப் பேர் ???????? எண்டு வருது. ஹோஸ்டில தமிழ் இல்லையோ?

சுன்னாகம் சந்தி | 7.40
127.0.0.1 போட்டனீங்களோ?

பனங்கொட்டை | 8.02
பேசாமல் பாமினியில (பழைய தமிழ் பொன்ட்) அடிச்சா இந்தப் பிரச்சினையே இல்லை. எங்கட கடையில 15 வருசமா பாமினிதான். எந்த டேற்றாபேஸும் முறைச்சதில்லை.

மூத்தோன் | 8.10
முறைக்காது, ஏனெண்டா அதுக்குத் தெரிஞ்சது இங்கிலிஷ் மட்டும்தான். பாமினியில அ எண்டு நீர் பார்க்கிறது உள்ளுக்க இங்கிலிஷ் சின்ன எம், ஆ எண்டது பெரிய எம். சின்னன் பெரிசு பாராத கொலேசனில (டேற்றாபேஸ் எழுத்தை ஒப்பிடுற விதி) 'அணி' எண்டு தேடினா 'ஆணி'யும் சேர்ந்து வரும்.

பனங்கொட்டை | 8.16
எங்களுக்கு வர்றது கலியாணக் காட். அதில ஆர் ஆணி தேடினது?

மூத்தோன் | 8.19
நூலகத்தைப் பற்றிக் கதைக்கிறம்.

பனங்கொட்டை | 8.21
உங்கட யூனிகோட் தமிழை பேஜ்மேக்கரில (அச்சுக்குப் பக்கம் அமைக்கிற பழைய சொவ்ற்வெயர்) ஒட்டிப் பாருங்கோ முதல்ல. பேந்து கதைப்பம்.

(இடையில 14 பதில், எல்லாம் எந்தக் கீபோட் நல்லது எண்டு.)

தாமரை | 11.30
உங்கட சண்டையில பெடியன் ஓடிட்டான். தம்பி, பிஎச்பிமைஅட்மினில (டேற்றாபேஸைத் திறந்து பார்க்கிற பக்கம்) அந்த ரேபிளைத் திறந்து ஒரு புத்தகப் பேரை ஹெக்ஸ் பங்சனால எடுத்துப் பாருங்கோ, உள்ளுக்க இருக்கிற குறியீடு தெரியும். 3எஃப் 3எஃப் எண்டு வரிசையா நிண்டா அது உண்மையான கேள்விக்குறி, தமிழ் அழிஞ்சு போயிட்டுது. ஈ0 ஏஈ மாதிரித் தொடங்கினா தமிழ் பத்திரமா இருக்கு, கனெக்சன்தான் லத்தீன்1இல (தமிழ் இல்லாத எழுத்துக் குறியீடு) கதைக்குது. அப்பிடியெண்டா கனெக்ட் பண்ணின உடன செட்_சார்செட் போட்டு யூடிஎஃப்8எம்பி4 எண்டு குடுங்கோ. எம்பி4 இல்லாத வெறும் யூடிஎஃப்8 மைஎஸ்கியூஎல்லில ஒரு எழுத்துக்கு 3 பைட் மட்டும்தான். தமிழுக்குக் காணும், ஆராவது பேருக்குப் பக்கத்தில சிரிப்பு மூஞ்சி போட்டா விக்கும்.

கோண்டாவில் பெடியன் | இரவு 6.50
ஈ0 ஏஈதான் அக்கா. அந்த ஒரு வரி போட வந்திட்டுது. ஆனா முதல் 180 புத்தகம் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. விசாரிச்சன். அதெல்லாம் முந்தின செயலாளர் ஐயா அடிச்சவராம். பாமினியாம். வீட்டில பொன்ட் இருந்தபடியா எனக்குத் தெரியேல்ல.

மூத்தோன் | 6.52
:-)

பனங்கொட்டை | 6.58
ஐயா நல்ல மனுசன். தம்பி, பட்டியலை அனுப்பும், மாத்தித் தாறன். என்னட்டக் கன்வேட்டர் இருக்கு. ஆனா ஒவ்வொரு பேரையும் ஒருக்காப் பாரும், சில இடத்தில கொம்பு இடம்மாறும்.

கோண்டாவில் பெடியன் | 7.01
அனுப்பிட்டன். கரண்ட் போகப்போகுது போல, லைற் மினுங்குது